நெல்வயலும் மூளையும்: ஒரு நோயின் பெயர் மறைத்தவை

சில ஆண்டுகளுக்கு முன், நீண்ட காலத்தின் பின் ஊருக்குப் போக ஆயத்தமான நண்பர் ஒருவருக்குத் துணையாக இங்குள்ள பயணிகள் தடுப்பூசி நிலையத்துக்குப் போயிருந்தேன். பிறந்து வளர்ந்த நாட்டுக்குப் போவதற்கு ஊசி போடவேண்டியிருப்பதில் உள்ள வேடிக்கையை அங்கிருந்த வைத்தியருக்கு விளங்கப்படுத்த எங்களால் முடியவில்லை. அவர் தனது பட்டியலைப் பார்த்தபடி, வயல்களுக்கு அண்மையில் தங்குவீர்களா, பக்கத்தில் பன்றி வளர்க்கிறார்களா என்று கேட்டார். "வயல் இல்லாத ஊர் எங்கை இருக்கு?" என்று நண்பர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். ஊசி யப்பானிய மூளையழற்சிக்கானது. இலங்கைக்குப் போகிறவனுக்கு யப்பான்காரன்ரை வருத்தம் ஏன் வரப்போகிறது என்பது அவருடைய அடுத்த கேள்வி.

அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. பின்னர் தேடி வாசித்தபோது, அவர் பகிடியாகக் கேட்டது சரியான கேள்விதான் என்று பட்டது. நுளம்பு காவும் ஒரு வைரசு மனித மூளைக்குள் புகுந்து செய்யும் அழிவு பற்றிய அறிவு ஏறக்குறைய நூறாண்டுகளாகத் திரண்டு வந்திருக்கிறது. அந்த அறிவை யார் தேடினார்கள், எவருக்கு ஆபத்து வந்தபோது தேடினார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதை விஞ்ஞான வரலாற்று நூல்கள் போகிறபோக்கில்தான் சொல்கின்றன. நோய்க்கு ஒரு நாட்டின் பெயரைச் சூட்டியபோதே அந்த மறைப்பு தொடங்கிவிட்டது என்பது எனது கருத்து.

யப்பானிய வைத்தியர்கள் 1871ஆம் ஆண்டிலிருந்தே கோடையில் வரும் ஒருவகை மூளைக்காய்ச்சலைப் பற்றிக் குறித்துவைத்திருக்கிறார்கள். 1924இல் அது பெருங்கொள்ளையாக வெடித்தது. 6,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களில் நூற்றுக்கு 60 பேரளவில் இறந்தனர். அதே காலத்தில் ஐரோப்பாவில் இன்னொரு மூளையழற்சி பரவிக்கொண்டிருந்தது. வியன்னாவின் நரம்பியல் வைத்தியரான கொன்ஸ்ரன்ரின் வொன் எக்கொனொமோ 1917இல் விபரித்த 'தூக்க' மூளையழற்சி அது. யப்பானியர் இரண்டையும் பிரித்தறிய வேண்டியிருந்தது. எக்கொனொமோவின் நோயை ஏ என்றும், தமது கோடை நோயை பி என்றும் அழைத்தனர். ஏ வகை 1920களின் இறுதியில் எங்கோ மறைந்துபோனது. அதன் காரணம் இன்றுவரை நிறுவப்படவில்லை. பி வகையின் காரணம் கண்டறியப்பட்டது. காலப்போக்கில் 'பி' உதிர்ந்து 'யப்பானிய' என்ற அடைமொழி மட்டும் எஞ்சியது. ஆசியா முழுவதிலும் நெல் விளையும் நாடுகளின் ஒரு நோய் இப்படித்தான் யப்பானுக்குரியதாயிற்று.

எக்கொனொமோவை இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். மூளையின் உடற்றொழிலியல் என்று நாம் இன்று படிப்பதில் ஒரு நல்ல பகுதி, இத்தகைய நோய்கள் விட்டுச்சென்ற இடிபாடுகளிலிருந்தே வாசித்தெடுக்கப்பட்டது. அவரது நோயாளிகளிற் சிலர் வாரக்கணக்கில் தூங்கினர். வேறு சிலருக்குத் தூக்கமே வரவில்லை. இறந்தவர்களின் மூளைகளை வெட்டிப் பார்த்தபோது, தூங்கியவர்களின் ஐப்போதலமசின் பின்பகுதியும் தூங்காதவர்களின் முன்பகுதியும் சிதைந்திருக்கக் கண்டார். விழிப்புக்கு ஓரிடம், தூக்கத்துக்கு ஓரிடம் என்று அவர் எழுதியது பல பத்தாண்டுகளின் பின் வேறு முறைகளாலும் உறுதியானது. 1919இல் பாரிசில் கொன்ஸ்தன்தின் த்ரெத்தியாக்கோவ் என்ற ரஷ்யர் தனது ஆய்வேட்டில், பார்க்கின்சன் நோயுற்றவர்களின் நடுமூளையில் 'சப்ஸ்ரன்சியா நைக்ரா' எனப்படும் கருநிறப் பகுதி அழிந்திருப்பதைக் காட்டினார். எக்கொனொமோவின் நோயில் தப்பியவர்கள் ஆண்டுகள் சென்றபின் விறைத்து, முகபாவம் அற்று, அசைவற்றுப் போனதன் காரணமும் அதே இடத்திற்றான் இருந்தது.

பி வகையும் கிட்டத்தட்ட அதே அயலைத்தான் தாக்குகிறது. நுளம்பு குத்திய தோலில் முதலில் பெருகும் வைரசு, நிணநீர்க் கணுக்கள் வழியே குருதிக்குள் போகிறது. பெரும்பாலானவர்களில் கதை அத்துடன் முடிந்துவிடும். தொற்றுக்குள்ளானவர்களில் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவரே நோயாளியாகிறார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த ஒருவரில் அது குருதிக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைக் கடந்து நரம்புக்கலங்களுக்குள் நுழைகிறது. தலமசின் இரு பக்கங்களும், அடித்திரள்களும், நடுமூளையின் அதே கருநிறப் பகுதியும், மூளைத்தண்டும் அதற்கு இரையாகின்றன. முண்ணாணின் முன்கொம்புக் கலங்கள் தாக்கப்பட்டால் பிள்ளைவாதம் போலவே கைகால் சோர்ந்துவிடும். நோயுற்றவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறக்கிறார்கள். தப்பியவர்களில் மூன்றிலொரு பங்கினர் முதல் அரைவாசிப்பேர் வரை நிரந்தரக் குறைபாட்டுடன் வாழ்கிறார்கள்: பேச்சிழந்தவர்கள், வலிப்பு வருபவர்கள், படித்ததை மறந்தவர்கள், முகமூடி போட்டதுபோன்ற முகத்துடன் கை நடுங்க உட்கார்ந்திருக்கும் சிறுவர்கள். எக்கொனொமோ வயதுவந்தவர்களில் கண்டவற்றை ஆசியக் கிராமங்களின் தாய்மார் தமது பிள்ளைகளில் கண்டார்கள். வித்தியாசம் என்னவென்றால், வியன்னாவின் நோயாளிகளிலிருந்து ஒரு விஞ்ஞானம் பிறந்தது. இவர்களில் மிகப் பலர் எண்ணிக்கைகளுக்குள்ளேயே முடிந்துபோனார்கள்.

வைரசைப் பிடிப்பதற்கு ஓர் உயிருள்ள மூளை தேவைப்பட்டது. 1930இல் மக்ஸ் தைலர், மஞ்சட் காய்ச்சல் வைரசைச் சுண்டெலியின் மூளைக்குள் ஏற்றினால் அது அங்கே பெருகும் என்று காட்டினார். அதுவரை விலையுயர்ந்த குரங்குகளை நம்பியிருந்த ஆய்வுகூடங்களுக்கு இது பெரும் விடுதலை. (தைலருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது, சுண்டெலிகளை யாரும் எண்ணவில்லை.) 1933இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைத் தாக்கிய மூளையழற்சியின் வைரசு இம்முறையாலேயே அகப்பட்டது. 1935இல் டோக்கியோவில் இறந்த ஒருவரின் மூளையிலிருந்து யப்பானிய வைரசும் பிரித்தெடுக்கப்பட்டது. 'நக்கயாமா' என்ற பெயருடைய அந்த வகையினமே பின்னர் பல பத்தாண்டுகளுக்குத் தடுப்பூசிகளின் மூலமாக விளங்கியது. 1938இல் மித்தமுராவும் அவரது சகாக்களும் வயல்களிற் பெருகும் கியூலெக்ஸ் ரைரினியோரிங்கஸ் என்ற நுளம்பில் வைரசைக் கண்டார்கள்.

இதற்குப் பிறகு அறிவின் வேகம் படைகளின் வேகமாகிறது. 1945இல் அமெரிக்கப் படைகள் ஒக்கினாவாவில் இறங்கியிருந்தபோது அங்கே மூளையழற்சி தலைகாட்டியது. பின்னாளில் பிள்ளைவாதச் சொட்டுமருந்தால் உலகப்புகழ் பெற்ற அல்பேர்ட் சேபின் அங்கு அனுப்பப்பட்டார். சுண்டெலி மூளையை அரைத்து, அதிலுள்ள வைரசை போமலினாற் கொன்று செய்த தடுப்பூசி படையினருக்கு ஏற்றப்பட்டது. தீவிலேயே பிறந்து வளர்ந்த சிறுவர்களைப் பாதுகாப்பதற்காக அந்த வேலை தொடங்கப்படவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். போரின் பின், யப்பானில் இருந்த அமெரிக்கப் படையின் 406ஆவது மருத்துவ ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எட்வேர்ட் புவெஷர், வில்லியம் ஷெரர் ஆகியோர் 1950களில் வயல், கொக்கு, பன்றி, நுளம்பு ஆகியவற்றைப் பல பருவங்களாகப் பின்தொடர்ந்து, நோயின் சுற்று எவ்வாறு ஓடுகிறது என்பதைத் துலக்கினார்கள். 1959இல் வெளியான அந்தக் கட்டுரைத் தொடரை இப்போது வாசித்தாலும் அதன் பொறுமை வியக்கவைக்கிறது. படையின் தேவைக்காகச் செய்யப்பட்டதென்பதால் அது மோசமான விஞ்ஞானமாகிவிடாது. நமது பக்கங்களில் இப்படிப்பட்ட விடயங்களை எழுதும்போது இந்த வேறுபாட்டை அடிக்கடி தவறவிடுகிறோம்.

அவர்கள் கண்டது இதுதான். வைரசு நீர்ப்பறவைகளில், குறிப்பாகக் கொக்கு, நாரை இனங்களில் வாழ்கிறது. அவற்றிலிருந்து நுளம்பு அதைப் பன்றிக்குக் கொண்டுவருகிறது. வளர்ந்த பன்றிக்கு அதனாற் பெரிய வருத்தம் எதுவும் வருவதில்லை. சினைப்பன்றி குட்டியை இழக்கக்கூடும். ஆனால் பன்றியின் குருதியில் சில நாட்களுக்கு வைரசு ஏராளமாக மிதக்கும். அந்த நாட்களில் அதைக் குத்தும் ஒவ்வொரு நுளம்பும் காவியாகிவிடும். பன்றி விரைவாகப் பெருகுவது, விரைவாக இறைச்சிக்குப் போவது. ஆகவே ஒவ்வொரு போகத்துக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத புதிய குட்டிகள் ஆயத்தமாக இருக்கும். மாட்டையே இந்த நுளம்பு அதிகம் விரும்பிக் குத்தும் என்றாலும் மாட்டில் வைரசு பெருகுவதில்லை. மனிதரின் குருதியிலும் அது நுளம்புக்குப் போதுமான அளவில் இருப்பதில்லை. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு நோய் போகாது. இந்தச் சுற்றில் மனிதர் ஒரு முட்டுச்சந்து. வைரசின் கண்ணில் நாம் தற்செயலானவர்கள். வயலுக்கு எப்போது நீர் பாய்ச்சுவது, பன்றிக்கூட்டை வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டுவது என்ற முடிவுகளை எடுப்பவர்கள் மட்டும் தற்செயலானவர்கள் அல்லர்.

இந்தியாவுக்கு இந்த அறிவு வந்த பாதை உகண்டா வழியானது. அமெரிக்காவின் ரொக்கபெல்லர் அறக்கட்டளை மஞ்சட் காய்ச்சலைத் தேடி என்ரெப்பேயில் ஓர் ஆய்வுகூடம் நடத்திவந்தது. அங்கே 1937இல் மேற்கு நைல் மாவட்டத்துப் பெண் ஒருவரின் குருதியிலிருந்து மேற்கு நைல் வைரசும், 1947இல் சிக்கா காட்டில் கூண்டிலடைத்து வைத்திருந்த குரங்கிலிருந்து சிக்கா வைரசும் அகப்பட்டன. இரண்டும் யப்பானிய வைரசின் நெருங்கிய உறவுகள். அந்தப் பணியின் முன்னோடியான சிமித்பேர்ண் வேறு இருவருடன் சேர்ந்து 1954இல் வெளியிட்ட ஆய்வொன்று, இந்தியரின் குருதியில் இப்படியான பல வைரசுகளுக்குரிய பிறபொருளெதிரிகள் இருப்பதைக் காட்டியது. இதற்கிடையில், 1952இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து ரொக்கபெல்லர் அறக்கட்டளை புனேயில் வைரசு ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியிருந்தது. உலகின் வெப்ப வலயங்களில் என்னென்ன வைரசுகள் பதுங்கியிருக்கின்றன என்ற நிரலைத் தயாரிப்பதே அவர்களது முதன்மை நோக்கம். வேலூரில் எந்தப் பிள்ளை சாகிறது என்பது அந்த நிரலில் அப்போது இருக்கவில்லை.

அதைக் கண்டவர்கள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை வைத்தியர்கள். அன்றைய சென்னை மாநிலத்தின் வடஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்து காய்ச்சலும் வலிப்பும் நினைவிழப்புமாகக் கொண்டுவரப்பட்ட சிறுவர்களை வெப், பெரெய்ரா ஆகிய இருவரும் அவதானித்து, இது கணுக்காலிகளாற் பரவும் மூளையழற்சி என்று 1956இல் எழுதினார்கள். புனே நிலையத்தின் ரெல்போர்ட் வேர்க், கீர்த்தி ஷா ஆகியோர் அந்தச் சிறுவர்களின் குருதியைச் சோதித்து யப்பானிய வகை என்று உறுதிசெய்தனர். இந்தியாவில் அடையாளங் காணப்பட்ட முதல் நோயாளிகள் 1955ஆம் ஆண்டின் அந்தத் தமிழ்ப் பிள்ளைகளே. கிராமத்து வைத்தியர் வலிப்பு என்பார். தாய் பேய்பிடித்தது என்பாள். ஆசுப்பத்திரிக் குறிப்பேடு மூளைக்காய்ச்சல் என்று மட்டும் எழுதும். அதற்குமுன் எத்தனை பிள்ளைகள் இந்தப் பெயர்களின் கீழ் புதைக்கப்பட்டிருப்பார்கள்! நோய் 1955இல் வரவில்லை. பெயர்தான் 1955இல் வந்தது.

வேலூரைச் சுற்றிய வயல்களில் நுளம்புகளை ஆண்டுக்கணக்கில் பிடித்து ஆராய்ந்தவர்களில் ரேச்சல் ரூபன் என்ற பூச்சியியலாளர் முக்கியமானவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985இல் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியபோது அவரும் அங்கு பணியாற்றினார். அந்த நிலையத்தினர் 1990களில் செய்த ஒரு வேலையைப் பற்றி இறுதியில் சொல்கிறேன். என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றிலேயே நெல்லைப் பற்றி நேரடியாகப் பேசிய வேலை அது.

இனி இலங்கைக்கு வருவோம். 1976இல் பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்டு, நீர் கலாவெவவை நோக்கிப் பாயத் தொடங்கியது. 1977க்குப் பின் 'துரித' என்ற அடைமொழியுடன் திட்டம் வேகமெடுத்தது. அனுராதபுர மாவட்டத்தின் 'எச்' வலயத்தில் காணியற்ற குடும்பங்கள் குடியேற்றப்பட்டன; பழைய குளத்துக் கிராமங்களில் வாழ்ந்தவர்களும் புதிய வாய்க்கால்களின் கீழ் வந்தார்கள். மழையை நம்பி ஒரு போகம் விளைந்த வரண்ட நிலத்தில் இப்போது இரண்டு போகத்துக்கும் நீர் நின்றது. நெல்லில் மட்டும் குடும்பம் பிழைக்காது என்பதால் மேலதிக வருமானத்துக்காகப் பன்றி வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டது. நீர் நிறைந்த வயல், வயலுக்கு வரும் கொக்கு, வீட்டுக்கோடியில் பன்றி, இதற்குமுன் இந்த வைரசைக் கண்டிராத பிள்ளைகள். புவெஷரும் ஷெரரும் 1950களில் யப்பானில் வரைந்த படத்தை, யாரோ வேண்டுமென்றே இங்கே கட்டியெழுப்பியது போல இருந்தது. அந்தக் கட்டுரைகள் அச்சாகி அப்போது இருபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

1985-86 பெரும்போகக் காலத்தில் அனுராதபுரத்தில் நோய் வெடித்தது. 300க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 1987-88இல் அது பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவி 700க்கு மேற்பட்டோரைத் தாக்கியது. மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் வைரசுவியலாளரான திஸ்ஸ விதாரண இது பற்றி எழுதினார். 2006இல் அமைக்கப்பட்ட சர்வகட்சிப் பிரதிநிதிகள் குழுவின் தலைவராக நாம் அறிந்த அதே சமசமாசக் கட்சிக்காரர்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வைரசு ஆய்வுகூடமொன்றை உருவாக்கியிருந்த மலிக் பீரிஸ், பூச்சியியலாளர்களான அமரசிங்க தம்பதியர் முதலானோர் நுளம்பு, பன்றி, மனிதர் ஆகிய மூன்றையும் ஒருசேர ஆராய்ந்து 1992இல் வெளியிட்டனர். பீரிஸ் பின்னர் ஹொங்கொங் சென்று, 2003இல் சார்ஸ் நோயின் வைரசைக் கண்டறிந்தவர்களில் முதன்மையானவரானார். 1988இலிருந்து ஆபத்து மிகுந்த மாவட்டங்களில் சிறுவர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள்.

இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு முதலில் வந்த உணர்வு வெட்கம். அனுராதபுரம் என்ற பெயர் 1985இல் எங்கள் மத்தியில் வேறொரு காரணத்துக்காகப் பேசப்பட்டது. அந்த ஆண்டு மே 14ஆம் திகதி விடுதலைப் புலிகள் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்களைச் சுட்டுக்கொன்றார்கள். அதே ஆண்டின் முடிவில் அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் வலிப்பு வந்து செத்தது எங்கள் காதுக்கு எட்டவேயில்லை. 1987-88இல் எங்கள் கண்கள் இந்தியப் படையின் மேல் இருந்தன. அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் மகாவலியைப் பற்றி நாம் இத்தனை ஆண்டுகளாக எத்தனை கட்டுரைகள் எழுதியிருக்கிறோம்! குடியேற்றம், இனவிகிதாசாரம், எல்லைக் கிராமம், தொகுதி நிர்ணயம். அவை எல்லாம் உண்மையே. கிழக்கிலும் மணலாற்றிலும் நடந்தவை அப்படித்தான் பேசப்படவேண்டியவை. அந்தப் பேச்சுக்குள் மகாவலி ஒரு வரைபடமாகச் சுருங்கிவிட்டது. நீரும் நுளம்பும் உரமும் கடனும் கலந்த ஒரு பொருளாக, அதற்குள் போடப்பட்ட ஏழைச் சிங்களக் குடும்பங்களையும் நோயாளியாக்கிய ஒரு திட்டமாக, அதை நாம் பார்க்கவில்லை. குடியேற்றப்பட்டவனைக் குடியேற்றியவனாக மட்டும் கண்டோம். நண்பர்கள் சிலருக்கு இது கசக்கும். மறுத்து எழுதட்டும்.

பெயர் மறைப்பதற்கு வேறு இரண்டு சாட்சியங்களும் உண்டு. 1998இன் பிற்பகுதியில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பன்றிப் பண்ணைக்காரர்களிடையே மூளையழற்சி பரவியபோது, பன்றி இருந்தது, மூளையழற்சி இருந்தது, ஆகவே யப்பானியம் என்று முடிவுகட்டினார்கள். நுளம்புக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களும் இறந்தார்கள். யப்பானியம் சிறுவர்களைத் தேடும்; இதுவோ பன்றியைத் தொட்டு வேலைசெய்த வளர்ந்த ஆண்களைத் தேடியது. பன்றிகளும் இருமிச் செத்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கோ பிங் பிரித்தெடுத்த வைரசு முற்றிலும் புதியது. வௌவாலில் இருந்து பன்றிக்கும் பன்றியிலிருந்து மனிதருக்கும் வந்த நிப்பா அது. நுளம்புக்கு அதில் வேலையே இல்லை. 105 பேர் இறந்தனர். பெரும்பாலோர் சீனர், பண்ணைகளிற் கூலிக்கு நின்ற இந்திய வம்சாவளித் தொழிலாளர்களும் பாதிக்கப்பட்டனர். பிழையான பெயர் தின்ற மாதங்களின் விலை அது.

இரண்டாவது உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர். 2005இல் அங்கும் அயல் மாவட்டங்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர், மூளையழற்சியால் இறந்தனர். 2006இல் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது, யப்பானியம் குறைந்தது, ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பிள்ளைகள் இறந்துகொண்டேயிருந்தார்கள். பின்னர் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தினர் உட்பட்ட குழுக்கள் சோதித்தபோது, அந்தச் சிறுவர்களில் பாதிக்கு மேற்பட்டோரில் ஸ்க்ரப் ரைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலின் தடயம் தெரிந்தது. அது ஒரு பக்ரீரியா நோய். காலத்தில் கொடுத்தால் மலிவான மாத்திரையால் மாறக்கூடியது.

மூளைக்குள் நடப்பது பற்றிய அறிவும் இக்காலத்தில் முன்னேறியிருக்கிறது. யப்பானைச் சேர்ந்த ஒகாத்தாவும் சகாக்களும் பிறந்து 13 நாளான எலிக்குஞ்சுகளின் மூளையில் வைரசை ஏற்றியபோது, அவை வளர்ந்து பார்க்கின்சன் நோயாளிகளைப்போல் அசைவு குன்றின. எல்-டோபா கொடுக்க ஓரளவு தேறின. 1997இல் வெளியான அந்த ஆய்வு, முதிராத நரம்புக்கலமே வைரசுக்கு வாய்ப்பானது என்று காட்டியது. நோய் ஏன் சிறுவரைத் தேடுகிறது என்பதற்கு இது ஒரு பகுதிப் பதில். மறுபகுதி எளிமையானது: நோய் நிலைகொண்ட இடத்தில் பெரியவர்கள் சிறுவயதிலேயே அறியாமல் தொற்றி எதிர்ப்புச் சக்தி பெற்றிருப்பார்கள். மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் அனிர்பன் பாசு குழுவினர் 2008இல் இன்னொன்றைக் கண்டார்கள். மூளை வளர்வதற்கு ஊற்றாக இருக்கும் நரம்பு முன்னோடிக் கலங்களையும் இந்த வைரசு தொற்றி, அவை பெருகுவதைக் குறைத்துவிடுகிறது. தப்பிய பிள்ளை படிப்பில் பின்தங்குவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது அவர்களது ஊகம். 2015-16இல் பிரேசிலில் சிறிய தலையுடன் குழந்தைகள் பிறந்து உலகமே சிக்கா பற்றிப் பேசியபோது, அந்த வைரசும் இதே முன்னோடிக் கலங்களைத்தான் தாக்குகிறது என்று தெரியவந்தது. பத்திரிகைகள் அதை முன்பு கேள்விப்படாத ஒன்றாக வியந்தன. எட்டு ஆண்டுகளுக்கு முன் மானேசரில் அச்சான கட்டுரையை அந்தச் செய்திகளில் நான் காணவில்லை.

தடுப்பூசியின் கதை தனிக்கட்டுரைக்குரியது, ஒன்றிரண்டு மட்டும். யப்பானில் 1954இல் அனுமதிபெற்ற தடுப்பூசி சுண்டெலி மூளையில் செய்யப்பட்டது. மூளையைக் காப்பதற்கான மருந்து மூளையிலேயே விளைந்தது. அதில் ஒரு கேடும் இருந்தது. மூளைத் திசுவின் புரதம் சிறிதளவேனும் ஊசியில் கலந்துவிட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியமாகக் கருதித் தன் மூளையையே தாக்கத் தொடங்கலாம். விசர்நாய்க்கடிக்கான பழைய ஊசிகளால் ஏற்கனவே தெரிந்த ஆபத்து இது. நன்கு சுத்திகரித்ததால் யப்பானிய ஊசியில் அது மிக அரிது. ஆயினும் ஒரு சிறுமி கடுமையாகப் பாதிக்கப்பட்டதையடுத்து 2005 மே மாதத்தில் யப்பான் அரசு அந்த ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. 1990களிலிருந்து ஆண்டுக்குப் பெரும்பாலும் 10 நோயாளிகளுக்கும் குறைவாகவே காணும் ஒரு நாட்டால் அப்படி நிறுத்திப் பார்க்க முடிந்தது.

மலிவான மாற்று அப்போதே இருந்தது. 1954இல் சீனாவின் சிஆன் நகரில் நுளம்புக் குடம்பிகளிலிருந்து எடுத்த வைரசைக் கலவளர்ப்பில் திரும்பத் திரும்பக் கடத்தி வலுவிழக்கச் செய்து, எஸ்.ஏ. 14-14-2 என்ற உயிருள்ள தடுப்பூசியை யூ யோங்சின் முதலானோர் உருவாக்கினார்கள். 1988இல் சீனா அதை அனுமதித்தது. சீனாவுக்கு வெளியே அது நெடுங்காலம் தயக்கத்துடனேயே பார்க்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் அதற்குத் தகுதிச்சான்று வழங்கியது 2013இல். 25 ஆண்டுகள்! வெள்ளெலியின் சிறுநீரகக் கலத்தில் செய்தது, உற்பத்தி முறை நமது தரத்துக்கு இல்லை என்பன சொல்லப்பட்ட காரணங்கள். அவை முற்றிலும் பொய்யல்ல. ஆனால் ஐரோப்பியப் பிள்ளைகள் சாகும் நோயாக இருந்திருந்தால் அந்தக் காரணங்கள் இவ்வளவு காலம் நின்றிருக்குமா என்பது எனது ஐயம். இலங்கை 2009இல் இந்த ஊசிக்கு மாறியது. அதே 2009இல் மேற்கு நாடுகளில் அனுமதிபெற்ற பயணிகளுக்கான ஊசி, சிஆனின் அதே வகையினத்தை எடுத்துக் கொன்று செய்ததுதான். அதைச் செய்த நிறுவனம் வியன்னாவைச் சேர்ந்தது. என் நண்பரின் புயத்தில் ஏறியதும் அதுவே. விலையைக் கேட்டு அவர் இன்னொரு தடவை சிரித்தார்.

2011இல் வெளியான மதிப்பீடொன்று ஆண்டுக்கு 68,000 நோயாளிகள் என்றது. 2022இல் அவுஸ்திரேலியாவின் தென்கிழக்கில் இந்த வைரசு திடீரெனத் தோன்றி 80க்கு மேற்பட்ட பன்றிப் பண்ணைகளில் காணப்பட்டபோது, மார்ச் 4ஆம் திகதியே அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிகழ்வாக அறிவிக்கப்பட்டது. அங்கு இறந்தவர்கள் 7 பேர். அந்த வேகம் சரியானதே. அது மற்ற இடங்களில் இருக்கவில்லை என்பதையே குறிப்பிட விரும்புகிறேன்.

மதுரை நிலையத்தின் வேலையைச் சொல்வதாகக் கூறியிருந்தேன். ரூபனும் சகாக்களும் வயலில் நீரைத் தொடர்ந்து நிறுத்திவைக்காமல் இடைக்கிடை வடியவிட்டுப் பாய்ச்சினால் நுளம்புக் குடம்பிகள் எவ்வளவு குறையும் என்று அளந்தார்கள். யூரியாவுக்கு வேப்பம்பிண்ணாக்குப் பூசி வயலில் இட்டுப் பார்த்தார்கள். குடம்பிகள் குறைந்தன, நெல் விளைச்சலுக்குப் பாதகமில்லை. எங்கள் ஊர்க் கமக்காரருக்கு வேப்பம்பிண்ணாக்கு புதிதல்ல. ஆனால் நீரை வடியவிட்டுத் திரும்பப் பாய்ச்சுவதற்கு வாய்க்கால் அவர் கையில் இருக்கவேண்டும். மகாவலியில் மதகு திறக்கும் நாளை அதிகாரிகள் தீர்மானிக்கிறார்கள். முறைவைத்து வரும் நீரை வந்தபோது தேக்கிவைக்காத கமக்காரன் அடுத்த முறைவரை காத்திருக்கவேண்டும். இரணைமடுவிலும் ஏனைய குளங்களிலும் நீர்ப்பங்கீடு பற்றி இப்போது விவாதம் நடக்கிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர்களாக வேலைசெய்து இங்கே வந்து வேறு தொழில் பார்க்கும் நண்பர்கள் பலர் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறார்கள். மதுரைக்காரர் செய்ததை வன்னியின் முறைப்பாசனத்தில் செய்துபார்க்க முடியுமா, வாய்க்கால் அட்டவணையில் எதை மாற்றவேண்டும் என்று அவர்களில் ஒருவராவது அடுத்த இதழுக்கு எழுதவேண்டும்.